ஆதிமொழி ஆய்வுத் துறையின் பிள்ளை

மனிதன் முதன்முதலில் பேசியது எந்த மொழி என்று கண்டுபிடித்தே தீருவதென்று எங்கள் ஆதிமொழி ஆய்வுத் துறை முடிவெடுத்தது. துறை இருப்பதே அதற்குத்தானே என்று கேட்டுவிடாதீர்கள். அதுவரை கடைப் பலகைகளில் எழுதும் சொற்கள் எந்த மொழியில் பிறந்தவை என்று பிறப்புச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தோம். அதாவது, கொடுக்காமல் இருந்தோம்.

இயக்குநர் ஏதோ கருத்தரங்குக்குப் போய் 'குறியீடு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அன்றிலிருந்து மின்விசிறி ஓடாவிட்டாலும் குறியீடுதான். பழுது பார்க்கக் கூடாது, வாசிக்க வேண்டும். வியர்க்க வியர்க்க வாசித்தோம்.

அந்தக் காலத்து ராஜா ஒருவர், பேச்சுச் சத்தமே காதில் படாமல் குழந்தைகளை வளர்த்து, அவை முதலில் என்ன சொல்கின்றன என்று பார்த்ததாகக் கதை உண்டு. அதையே நாங்கள் அலுவல் முறைப்படி செய்வதாக உத்தரவாயிற்று.

குழந்தைக்கு எங்கே போவது? எங்கள் தட்டச்சுக்காரம்மா பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அலுவலகத்துக்கே தூக்கி வந்துகொண்டிருந்தாள். வேலையோ தற்காலிகம். நிரந்தரமாக்குகிறோம் என்றதும், பாவம், தலையாட்டிவிட்டாள். கொஞ்சக் கூடாது, தாலாட்டக் கூடாது, வீட்டிலும் வாய் திறக்கக் கூடாது. சான்றிதழ் கேட்டு வருகிறவர்கள் வரிசை கட்டும் கவுன்டருக்குப் பின்னால் தடுப்பு வைத்துப் பிள்ளையை உட்கார்த்தினார்கள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "சார், கவுன்டர்ல நாள் பூரா பேசறாங்களே, பிள்ளை காதுல விழாதா?" என்றேன் இயக்குநரிடம்.

"அர்த்தம் இருந்தாத்தான்யா மொழி. நம்ம கவுன்டர்ல சொல்றதுக்கு என்னைக்காவது அர்த்தம் இருந்திருக்கா?"

அவர் சொன்னதை அப்படியே கோப்பில் ஏற்றினோம்.

பிள்ளை தவழ்ந்தான், நின்றான், சுவரைப் பிடித்து நடந்தான். வாயைத்தான் திறக்கவில்லை. தட்டச்சுக்காரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டுவாள். ஒருநாள் என்னிடம் வந்து அழுதே விட்டாள்.

"ஒரு தடவை அம்மான்னு கூப்பிட்டாப் போதும்ணே. இந்த வேலை யாருக்கு வேணும்?"

இயக்குநரிடம் போய்ப் பிள்ளையை ஆய்விலிருந்து விட்டுவிடச் சொல்லிக் கேட்டாள். முதல் சொல் வரும்வரை ஆய்வுப் பொருளை விடுவிக்க விதியில் இடமில்லை என்றார் அவர்.

நிபுணர் குழு பார்வையிட வந்தது. தடுப்பை எடுத்தார்கள். கவுன்டருக்கு வெளியே வழக்கம்போல நீள வரிசை. பிள்ளை ஒரு பழைய கோப்பில் பென்சிலால் கிறுக்கிக்கொண்டிருந்தான். பெற்றவளால் பொறுக்க முடியவில்லை. விதியாவது ஒன்றாவது என்று மண்டியிட்டுக் கைகளை விரித்தாள்.

"வாடா கண்ணா, வீட்டுக்குப் போலாம்."

பிள்ளை நிமிரவில்லை. கிறுக்கிக்கொண்டே இடது கையை வீசினான்.

"நாளைக்கு வாங்க."

இயக்குநர் குதிக்காத குறை. ஆதிமொழி அகப்பட்டுவிட்டது! தலை நிமிராமல் இருப்பதும் அந்தச் சொல்லின் பிரிக்க முடியாத உறுப்பு என்று நிபுணர்கள் எழுதிக்கொண்டார்கள். இப்படிப்பட்ட பொக்கிஷத்தைத் துறை விட்டுவிடுமா? பிள்ளை வேண்டுமென்றால் இனிக் கவுன்டரில் மனுக் கொடுக்க வேண்டும் என்று தாயிடம் சொல்லிவிட்டார்கள். அவள் விரித்த கையை மடக்காமல் அப்படியே இருந்தாள்.

வெளியே எட்டிப் பார்த்தேன். வரிசையில் ஒரு ஆள்கூட இல்லை. சொன்னது யார், பெரியவரா, பால்குடி மறக்காத பிள்ளையா என்று ஒருவரும் கேட்கவில்லை. காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார்கள்.

மறுநாள் எல்லோரும் வந்துவிட்டார்கள். வரிசையின் கடைசியில், கையில் மனுவோடு, தட்டச்சுக்காரம்மாவும் நின்றாள்.