குதிரை சாவதற்கு முன்பே அழுத நாற்பது பேர்

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உன் தம்பி தலை குனிந்து எழுதுவது. நான் நலம் என்று எழுதக் கை கூசுகிறது. நீயும் அத்தானும் நலமாக இருங்கள். வெள்ளிக்கிழமை எங்கள் வார இதழ் உன் கைக்கு வரும்வரையாவது.

நீ பின்னி அனுப்பிய ஸ்வெட்டர் போன மாதமே வந்தது. அளவு சரி. மடிப்புக்குள் இருந்த சீட்டையும் படித்தேன். "தம்பி, வடவாயில் தளபதி கை நீட்டிட்டான்னா உங்க அத்தான் மூஞ்சியில நான் எப்படிடா முழிக்கிறது? நீ அங்கதானே ப்ரூஃப் பாக்குறே, ஏதாவது பண்ணு" என்று எழுதியிருந்தாய். எடைக்கல் இன்ஸ்பெக்டராக இருந்த அத்தான் கடைக்காரர்களிடம் வாங்காத பொருள் கிடையாது. அவரைக் குத்திக்காட்ட உனக்கு உலகத்தில் இரண்டே யோக்கியர்கள். ஒருவன் எங்கள் பத்திரிகைத் தொடர்கதையில் கோட்டையின் வடக்கு வாயிலைக் காக்கும் தளபதி. இன்னொருவன் நான்.

கதை உனக்குத் தெரியும். எதிரிப் படை சிறகுப் பாம்புகளோடு கோட்டைக்கு வெளியே நிற்கிறது. வாயிலைத் திறந்துவிட்டால் அரசவையில் தந்தத்தால் செய்த நாற்காலி என்று எதிரியின் மந்திரி தளபதிக்கு ஆசை காட்டுகிறார். திறக்கலாமா கூடாதா என்று வாசகர்கள் கார்டு போட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கார்டுகளைப் பிரித்து அடுக்குவதும் என் வேலைதான். அக்கா, 'திறக்கட்டும்' கட்டு என் மோவாய் உயரம் வந்துவிட்டது; 'கூடாது' கட்டு ஒரு தீப்பெட்டி கனம்கூட இல்லை. "பாவம், அவனும் எத்தனை நாளைக்குத்தான் நின்னுக்கிட்டே இருப்பான்" என்று ஒரு அம்மாள் எழுதியிருந்தார்.

ஸ்வெட்டரைப் பார்த்தேன். முப்பத்தொரு வருஷமாக ஆபீஸ் பேனாவைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதவன், கைக்காசில் நாற்பது கார்டு வாங்கினேன், அதிலாவது யோக்கியன், வலக்கையால் பாதி, இடக்கையால் பாதி, நீல மை, பச்சை மை, நடுங்குகிற கிழவர் கையெழுத்து, சாய்ந்த கல்லூரிப் பெண் கையெழுத்து என்று மாற்றி மாற்றி எழுதி, அந்த வெள்ளைக் குதிரை இவனுக்காக உயிரை விட்டதே, அதற்காகவாவது இவன் விலை போகலாமா என்று நாற்பது பேரையும் அழவைத்து, சந்தேகம் வராமலிருக்க வெவ்வேறு தபால் பெட்டியாகத் தேடிப்போய்ப் போட்டு, இடது முழங்காலும் வீங்கிப்போயிற்று.

மூன்றாம் நாள் பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார். மேஜைமேல் நாற்பது கார்டு.

"குதிரை எப்பய்யா செத்துச்சு?"

"ஆத்தைத் தாண்டும்போது சார்."

"அது அடுத்த வாரம்யா! இன்னும் அச்சுக்கே போகல. படிச்சது நீ, நான், எழுதினவர். நான் அழல. எழுதினவரும் அழல."

ப்ரூஃபிலேயே கதை படிக்கிறவனுக்கு, ஊர் எதுவரை படித்திருக்கிறது என்பது மறந்துபோகும் அக்கா.

வேலை போயிற்று என்று நின்றேன். அவர் கதவைச் சாத்தினார். "உட்காருய்யா. தளபதி கதவைத் திறக்கிற அத்தியாயம் மூணு மாசமா என் டிராயர்ல கிடக்கு. ஓட்டெல்லாம் பத்திரிகை விக்கத்தான். நீ பண்ணினதை நான் சொல்லல, நான் பண்ணினதை நீ சொல்லாதே. கண்ணாடி ரூம்ல தலைமை ப்ரூஃப் ரீடர் நாற்காலி காலியாத்தானே இருக்கு?"

லஞ்சம் வாங்காத ஒருவனைக் காப்பாற்றப் போய் லஞ்சம் வாங்கினேன்; வேலை தப்பியதே என்று வாயை மூடிக்கொண்டது வேறென்ன? காப்பாற்றவும் இல்லை. நேற்று அந்த அத்தியாயம் என்னிடமே வந்தது. தளபதி ஒரு பக்கம் யோசிக்கிறான், திறந்துவிடுகிறான். பேனாவோடு இரண்டு முறை படித்தேன். திருத்த ஒரு பிழைகூட இல்லை.

ஆனால் அந்த நாற்காலியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு மானம் உன் தம்பியிடம் மிச்சமிருக்கிறது. ஸ்வெட்டரைத் தனிப் பார்சலில் திருப்பி அனுப்புகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். அவர் சிரித்தால் தடுக்காதே. அவராவது வாங்கினால் காரியத்தை முடித்துக் கொடுப்பார்.

உன் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
தம்பி

பின்குறிப்பு: பார்சலுக்குக் காத்திருக்க வேண்டாம். கண்ணாடி ரூமில் ஏசியை நேராக நாற்காலிக்கு மேலேயே மாட்டி வைத்திருக்கிறார்கள். முதல் வாரம் முழுக்கத் தும்மல். இப்போது ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.