பதினோரு கல்லறை தள்ளி

அன்புள்ள மருமகனுக்கு மாமா எழுதிக்கொண்டது.

நான் சுகம். அங்கே நீயும் உன் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். இது என் கையாலேயே எழுதும் முதல் கடிதம். முதியோர் வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இந்த நாலு வரிக்கே ஒரு காலைப்பொழுது போயிற்று, போகட்டும். மருந்துப் புட்டியைப் படிக்கிறேன், பஸ்ஸின் நெற்றியைப் படிக்கிறேன், சோப்பு உறையைக்கூட விடுவதில்லை. சோப்பில் இவ்வளவு விஷயம் இருக்கிறது என்று இத்தனை நாள் தெரியாமல் தேய்த்துக் குளித்திருக்கிறேன்.

விஷயம் உன் அத்தையைப் பற்றி. ஊர்க் கல்லறைகளைப் பட்டியல் போட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று கணினியில் திறந்து வைத்திருக்கிறீர்களே, அதில் அவள் இடம் தப்பாக இருக்கிறது.

அடுத்த மாதம் என் மகள் வருகிறாள். அம்மாவைப் புதைத்தபோது அவளால் வர முடியவில்லை. ஆறு வருஷமாக அதையே சொல்லி அழுகிறாள். இந்தத் தடவை வந்து இறங்கியதும் நேரே அம்மாவிடம், அதுவும் தனியாகப் போகணுமாம், போன் வழி காட்டுமாம். போன மாதம் போனில் தேடிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். "அப்பா, அம்மா நடுக்கடல்ல இருக்காங்கப்பா." அவளுக்கு நீச்சல் தெரியாதேம்மா என்றேன். பாதி சிரிப்பு, பாதி அழுகை. உன்னைக் கேட்டேன். "அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் யாரோ இடம் மாத்திப் போட்டுட்டாங்க மாமா, ரெண்டு நிமிஷ வேலை"ன்னு சொன்னே. மறுநாள் பார்த்தால் அத்தை மட்டுமில்லை, கல்லறைத் தோட்டத்தில் இருக்கிற இருநூறு பேரும் எதிர்ச்சாரி டயர் கடைக்குள் ஒரே புள்ளியில் நிற்கிறார்கள். தசமப் புள்ளிக்குப் பின்னால் வந்த கடைசி எண்களைக் கணினி வெட்டிவிட்டதாம். டயர் கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "பெரியவரே, பஞ்சர் ஒட்டுற இடத்துல ஒரு அம்மா பூ வச்சுட்டுப் போறாங்க, எனக்கு வியாபாரம் விளங்குமா?" அதையும் சரி பண்ணினே. மகள் போனில் மறுபடியும் கடல். "எங்க பட்டியலை இன்னொருத்தர் எடுத்து, அவர்கிட்டேருந்து வேறொருத்தர் எடுத்து, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்துக் கிடக்கு மாமா. போன் பாக்குறது மூணாவது ஆளை, அங்க பழைய தப்பு அப்படியே இருக்கு"ன்னே. வதந்தியைக் கிளப்பிவிட்டு வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்குகிற கதைதான். ஆனாலும் மூன்று இடத்துக்கும் எழுதி மாற்ற வைத்தாய், குறை சொல்ல மாட்டேன்.

இப்போது புள்ளி கரையேறிவிட்டது. தோட்டம் சரி, வரிசையும் சரி. ஆனால் கிழக்கே பதினோரு கல்லறை தள்ளிக் காட்டுகிறது. என் இடத்தில் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்தேன். காய்ந்த புல், தூசி படிந்த கல், ஆள் வந்துபோன சுவடே இல்லை. பாவம், யார் வீட்டு மனுஷரோ. மகள் அங்கே போய் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனால் என்ன ஆகும்? "நீங்க இடம் மாறி உக்காந்திருக்கலாம் இல்ல மாமா?"ன்னு மெதுவாக் கேட்டே. நாற்பது வருஷம் சலவைக்கடையில் எழுத்துத் தெரியாமலே ஒருத்தர் சட்டையை இன்னொருத்தருக்கு மாற்றிக் கொடுக்காதவன் நான். பெண்டாட்டியை மாற்றுவேனா? புதைத்த அன்று, அவளைக் கொண்டுபோன அதே காய்ச்சலில் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன், எல்லாம் உன் அம்மாதான் பார்த்தாள், உண்மை. ஆனால் எழுந்து நடமாடியதும் முதல் வேலையாக அங்கேதான் போனேன். காவலாளி நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே கை காட்டினார்: அந்த வரிசை, கோடியிலிருந்து இரண்டாவது. அன்றுமுதல் வாராவாரம் போகிறேன். செடி வைத்தேன், அது கல்லை மூடிப் படர்ந்துவிட்டது.

கல்லில் உள்ளதை எழுதி அனுப்பினால்தான் ஆதாரம் என்கிறாய். சரி, நாளைக்குச் செடியை ஒதுக்கிப் பார்த்து எழுதுகிறேன். எழுத்துப் படித்ததே அவள் பெயரை அங்கே படிக்கத்தான். முழுசாகக் கற்றுக்கொண்டு போகலாம் என்று தள்ளிப்போட்டேன். நீ புள்ளியை மேற்கே பதினொன்று நகர்த்திவிடு.

உனக்கு ஒரு குறையும் வராது. உன் அம்மாவை முட்டிக்குத் தைலம் தடவச் சொல். எல்லோருக்கும் என் ஆசி.

இப்படிக்கு,
உன் மாமா

பின்குறிப்பு: செடியை ஒதுக்கினேன். கல்லில் இருப்பது: ஓய்வு பெற்ற பல் மருத்துவர். பெயரும் ஆண் பெயர். மூன்று தடவை எழுத்துக் கூட்டினேன், மாறவில்லை. ஒரு வரிசைக்கு இரண்டு கோடி உண்டு. எந்தக் கோடி என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. ஆறு வருஷம் வீட்டு விஷயம் எல்லாம் அவரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை, அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பதினோரு கல்லறை நடந்து போய்த் தூசியைத் துடைத்தேன். அவள்தான். பெயரை ஒரே மூச்சில் படித்தேன். பிறகு காய்ந்த புல்லைப் பிடுங்கிப் போட்டேன்.

புள்ளியை நகர்த்தாதே. உன் பட்டியலில் இடமிருந்தால் பல் மருத்துவர் பெயருக்கு எதிரே, இவரைப் பார்க்க வாராவாரம் ஆள் வந்தது என்று ஒரு வரி சேர்த்துவிடு. அத்தை பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதாதே. மகள் படிப்பாள்.