பாலாற்றுத் தண்ணீர் பாட்டில் விஷயமாக

செங்கல்பட்டு,
திங்கட்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மச்சான் காசிநாதன் அவர்களுக்கு, உங்கள் தங்கை தெய்வநாயகியின் கணவன் திருநாவுக்கரசு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் இன்வெர்ட்டரும் நலம். வாலாஜாபாத்தில் தாங்களும் அக்காவும் அக்காவின் முழங்காலும் எப்படி? வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். என் போனை உங்கள் தங்கை என்னைவிடக் கவனமாகப் படிப்பாள்.

எங்கள் ஊர் மகளிர் நீர்வண்ண ஓவியச் சங்கத்துக்கு இந்த ஞாயிறோடு பத்து வயது. சும்மாதானே இருக்கிறீர்கள் என்று விழா மலருக்குச் சங்க வரலாறு எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். வரலாறு இதுதான். குழாய்த் தண்ணீர் நின்றுபோன ஒரு கோடையில், தெருமுனையில் குடங்களோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர்களே முதல் உறுப்பினர்கள். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை ரூத் டீச்சர் பொழுது போகாமல் அந்தக் குடவரிசையை வரைந்தார். லாரி வந்ததும் அதே தண்ணீரில் வண்ணம் குழைத்தார். படம் பிரமாதமாக வந்தது, வம்பும் கூடவே வந்தது. எந்த இடத்தை வரைகிறோமோ அந்த இடத்துத் தண்ணீரில்தான் வரைய வேண்டும் என்று அன்றே விதி எழுதிவிட்டார்கள்.

அன்று முதல் எங்கள் வீட்டு பிரிட்ஜில் கொளவாய் ஏரி, மதுராந்தகம் ஏரி, திருக்கழுக்குன்றம் குளம் எல்லாம் லேபிள் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. குடிக்கிற தண்ணீருக்குத்தான் இடமில்லை. மாமல்லபுரம் கடற்கரையைக் கடல் தண்ணீரிலேயே வரைந்தார்கள். காய்ந்ததும் உப்புப் பூத்து நுரை மாதிரி மின்னியது. எங்கள் ஹாலில் மாட்டினோம். ஐப்பசி மழை வந்ததும் படம் கண்ணாடிக்குள் வியர்க்க ஆரம்பித்து, சுவர் வழியாக சோபா வரை இறங்கிவிட்டது. பதறிப்போய் ரூத் டீச்சரை அழைத்தால், அவர் சுவரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "கவலப்படாதீங்க சார், கடல் இன்னும் உயிரோடதான் இருக்கு" என்று பூரித்துப்போகிறார். துடைத்தது நான்.

விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருஷத்தில் பாலாற்றை மட்டும் யாரும் வரையவில்லை, எப்போது போனாலும் மணல்தான். மூன்று வருஷம் முன்பு வெள்ளம் வந்தபோது உங்கள் தங்கை ஸ்கூட்டியில் போய் ஒரே ஒரு பாட்டில் பிடித்து வந்தாள். ஞாயிறன்று மாமல்லபுரத்தில் நடக்கும் விழாவில், எல்லார் முன்னாலும் அதைத் திறந்து பாலாற்றை வரையப்போவதும் அவள்தான். பத்து வருஷமாய்ச் செயலாளர் என்ற பெயரில் பாய் விரித்து, டீ கொடுத்து, மற்றவர்கள் படத்துக்கு ஆணி அடித்தவள். அவள் படத்தை ஊர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மச்சான், அந்தத் தண்ணீரை நான் இன்வெர்ட்டரில் ஊற்றிவிட்டேன்.

அலமாரியில் இன்வெர்ட்டருக்கான டிஸ்டில்டு வாட்டருக்குப் பக்கத்தில் அதை வைத்தது யார் தப்பு? லேபிள் சுவரைப் பார்த்திருந்தது, தண்ணீரும் தெளிந்திருந்தது. கடைசிச் சொட்டுவரை ஊற்றிவிட்டுப் பாட்டிலைத் திருப்பினால், 'பாலாறு. தொடாதீர்கள்'. குழாயில் நிரப்பி, லேபிள் தெரிகிற மாதிரி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நேற்று சங்கத் தலைவி சின்னப்பொண்ணு வந்து பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தார்.

"இன்னா சார், தண்ணி இம்மாம் சுத்தமா கீது? ஆத்துத் தண்ணின்னா அடில வண்டல் இருக்காதா?"

"அது ஃபில்டர் ஆயிடுச்சும்மா."

"யாரு பண்ணாங்க?"

"தானா."

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தெய்வநாயகி, பாவம், ஒன்றும் புரியாமல் அவசரமாகக் காபி போடப் போய்விட்டாள்.

உங்கள் பக்கத்துத் தடுப்பணையில் தண்ணீர் நிற்கிறதாமே. ஒரு லிட்டர், கலங்கலாக, வண்டலோடு, ஞாயிறு காலைக்குள் கொண்டுவர வேண்டும். நானே இங்கே ஆற்றில் இறங்கித் தேடலாம் என்றால், பாலத்தை ஒட்டித்தான் சின்னப்பொண்ணு வீடு. வழியில் யாராவது கேட்டால் கஷாயம் என்று சொல்லுங்கள்.

அக்காவுக்கு வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள். இன்வெர்ட்டர் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம் மச்சான். அன்றைக்கு அவள் முகம் மட்டும் வாடிவிடக் கூடாது.

தங்கள் குற்றவாளி மாப்பிள்ளை,
திருநாவுக்கரசு

பி.கு. அண்ணா, நான் தெய்வநாயகி. இவர் ஸ்டாம்ப் வாங்கப் போயிருக்கார். விழா அழைப்பிதழை உள்ளே வைக்கலாம்னு கவரை எடுத்தா இவ்வளவும் இருக்கு. சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அந்தப் பாட்டில் மூடி சரியில்லாம அன்னைக்கே ஸ்கூட்டியில மொத்தமாக் கொட்டிப்போச்சு. வாசல்ல சங்கமே ஆசையாக் காத்துட்டு நிக்குது, நான் என்ன செய்வேன்? பின்பக்கமாப் போய் நம்ம குழாயிலதான் பிடிச்சேன். ஊருக்குக் குழாயில வர்றதே பாலாத்துக் கிணத்துத் தண்ணிதானேன்னு மூணு வருஷமா மனசைத் தேத்திக்கிறேன். இவர்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க, வரலாறு எழுதுறவரு, அப்படியே எழுதி வெச்சுடுவாரு. நீங்க அந்தக் கலங்கல் தண்ணியக் கட்டாயம் கொண்டாங்க, அண்ணிய நிச்சயம் கூட்டிட்டு வாங்க. நிஜமான ஆத்துத் தண்ணியில வரையணும்னு எனக்கும் ஆசைதான். வழியில கொட்டிப்போனாலும் கவலப்படாதீங்க, குழாய் எங்க இருக்குன்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியும்.