விமானத்துக்கு முதுகு காட்டிய பாய்

விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள் உலகத்தில் லட்சக்கணக்கில் இருக்கலாம். ஆனால் விமானத்துக்கு முதுகைக் காட்டி நின்று, மனைவியின் முகத்தைப் பார்த்தபடி அதைத் தரையிறக்கியவர் எங்கள் தெர்மாகோல் பாய் ஒருவர்தான். இன்னொருவர் இருப்பதாக யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். நேரில் கூட்டிவந்து நிறுத்தினாலும் நம்பமாட்டேன்.

பாய்க்குக் கிழக்குத் தாம்பரத்தில் கடை. கல்யாண மேடையில் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் தெர்மாகோலில் வெட்டி, ஜிகினா தூவி மாட்டுவார்களே, அந்த வேலை. ஊரார் பெயரையெல்லாம் அவ்வளவு அழகாக வெட்டிக் கொடுத்த மனிதரின் சொந்தப் பெயர் என்ன என்று எங்கள் தெருவில் ஒருவரும் கேட்டுக்கொண்டதில்லை. குடியிருந்தது சிட்லபாக்கத்தில், என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. பிள்ளைகள் கிடையாது. அவரும் மனைவி நூர்ஜகான் அக்காவும்தான்.

இது இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்களில் நடந்தது. அவருடைய மச்சான் துபாயிலிருந்து வந்தபோது சும்மா இருக்காமல் பொம்மை விமானம் ஓட்டுகிற ஒரு ரிமோட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். பிடித்தது பைத்தியம். குட்டி மோட்டாரையும் அதில் மாட்டுகிற காற்றாடியையும் பாய் எலக்ட்ரானிக் சாமான் விற்கிற ரிச்சி தெருவில் தேடிப் பிடித்தார். பழைய செல்போன்களின் பேட்டரிகளைக் கழற்றி ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டினார். உடம்புக்கும் இறக்கைக்கும் கவலையே இல்லை. கல்யாணம் முடிந்து மண்டபத்தில் கழற்றிப் போட்ட தெர்மாகோல் கடை நிறையக் கிடந்தது.

முதல் விமானம் பறக்கவே இல்லை. மச்சான் ஆசை ஆசையாக அதன்மேல் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தார். பெயின்ட் பட்ட இடமெல்லாம் தெர்மாகோல் கரைந்துபோய், கடைசியில் மோட்டாரும் பேட்டரியும் நீல நிறத்தில் தரையில் உட்கார்ந்திருந்தன. அதற்குப் பிறகு பாய் பெயின்ட் பக்கமே போகவில்லை. மண்டபத்தில் இருந்த எழுத்தோடேயே பறக்கவிட்டார். இடது இறக்கையில் மாப்பிள்ளை பெயர், வலது இறக்கையில் பெண் பெயர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், தண்ணீர் வற்றிய ஏரிக்குள் இறங்கிப் பாய் விமானத்தைக் கையால் வீசுவார். அது ஜம்மென்று ஏறும். கரையில் வாக்கிங் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்ப்போம். போவதில் ஒரு குறையும் இல்லை, திரும்பி வருவதில்தான் வில்லங்கம். விமானம் நம்மை விட்டுப் போகும்போது அதன் இடது பக்கம் நமக்கும் இடது. நம்மை நோக்கி வரும்போது அதன் இடது நமக்கு வலது. பாய் ஒவ்வொரு முறையும் அந்த ஒரு நொடியில் குழம்பிவிடுவார். இடது பக்கம் திருப்ப நினைத்து வலது பக்கம் திருப்புவார். டமால்!

"இன்னிக்கு இன்னா ஒடஞ்சுது பாய்? மாப்ள வூடா, பொண்ணு வூடா?" என்று ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து குரல் வரும்.

ஒரு முறை வாக்கிங் வந்த இளைஞர் ஒருவர் உடைந்து கிடந்த இறக்கையைப் பார்த்து அலறினார். "சார், இது என் பேரு! எனக்குக் கல்யாணமாகி ஒரு வாரம்தான் சார் ஆகுது!" பாய் பதறிப்போய் அங்கேயே உட்கார்ந்து பசை போட்டு ஒட்டி, ஜிகினா தூவி, அந்தப் பெயரை அவர் கையில் கொடுத்து அனுப்பினார்.

இந்தக் கூத்தையெல்லாம் அக்கா ஏரிக்கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பிளாஸ்க்கில் டீயோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் பொறுக்கமுடியாமல் கத்தினார்.

"இந்தாங்க, அது வர்ற பக்கத்தைப் பாத்தாதானே குழம்புது? நீங்களும் அது மாதிரியே திரும்பி நில்லுங்க!"

பாய் திரும்பி நின்றார். யோசனை சரிதான். ஆனால் வருவதைத் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டுமே? வருடக்கணக்கில் குனிந்து தெர்மாகோல் வெட்டியதில் பாயின் கழுத்தெலும்பு தேய்ந்து, டாக்டர் கொடுத்த கழுத்துப் பட்டை ஏறியிருந்தது. மொத்த உடம்பும் திரும்பினால்தான் தலை திரும்பும்.

"என் கையைப் பாருங்க," என்றார் அக்கா.

அன்றிலிருந்து அப்படித்தான். விமானம் பாயின் முதுகுக்குப் பின்னால் வரும். பாய் அக்காவைப் பார்த்து நிற்பார். அக்கா எந்தப் பக்கம் கை நீட்டுகிறாரோ அந்தப் பக்கம் திருப்புவார். உள்ளங்கையைத் தாழ்த்தினால் மோட்டாரைக் குறைப்பார். விமானம் பாயின் தலைக்கு மேலாக வந்து அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் பூனை மாதிரி உட்காரும். நாங்கள் கைதட்டுவோம். பாய் அதற்கப்புறம்தான் விமானத்தைப் பார்ப்பார். பெண்டாட்டி பேச்சைக் கேட்பதற்கு ஏரி நடுவில் லைசென்ஸ் வாங்கியவர் என்று அவரைக் கேலி செய்யாத ஆள் இல்லை. அவருக்கு அதில் பெருமைதான்.

அப்புறம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் ஆயிற்று. ஊசி மருந்து ஏற்றினார்கள். முடியெல்லாம் கொட்டி, முக்காட்டுக்குள் முகம் சின்னதாகிவிட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆட்டோவில் வந்து இறங்குவார். நாற்காலியில் ஒரு தலையணை கூடியிருந்தது, அவ்வளவுதான்.

ஒரு நாள் விமானம் திரும்பி வருகிற நேரத்தில் அக்கா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் கட்டிக்கொண்டார்.

"நூரு, கையக் காட்டு!"

"மாட்டேன்."

"வந்துடுச்சுடி, காட்டு!"

"திரும்பிப் பாருங்க. கண்ணு எதுக்கு இருக்கு?"

டமால்!

பாய் துண்டுகளைப் பொறுக்கப் போயிருந்தபோது அக்கா என்னிடம் சொன்னார்: "தம்பி, இந்த மனுசனுக்கு வீட்டுல சர்க்கரை டப்பா எதுன்னுகூடத் தெரியாது. டாக்டர் என்கிட்ட மறைக்கல. ஒரே ஒரு தடவை இவரு தனியா இதை இறக்கிட்டாருன்னு வைங்க, மிச்சத்தையும் சமாளிச்சுக்குவாருன்னு நிம்மதியாப் போயிடுவேன்."

அடுத்த வாரத்திலிருந்து நானே பாய்க்குப் பக்கத்தில் நின்று "ரைட்டு பாய், ரைட்டு!" என்று கத்த ஆரம்பித்தேன். இப்போது பாய் விமானத்தைப் பார்த்துத்தான் நிற்பார். நேராகத்தான் வரும். இதோ இறங்கிவிட்டது என்று நினைக்கும்போது, ஒரு வாரம் முள்ளுப் புதரில் போய்ச் சொருகும். ஒரு வாரம் சேற்றில். ஒரு வாரம் சிவனே என்று மேய்ந்துகொண்டிருந்த எருமையின் முதுகில்.

"இன்னா பாய், பிளேன் வுட்றியா, பள்ளம் தோண்றியா?" என்பார் ஆட்டோக்காரர்.

அக்கா பெருமூச்சு விட்டு, "சரி, அடுத்த வாரமும் நான் வந்து தொலையணும்," என்பார். உடைந்ததைப் பொறுக்கும்போது பாயின் முகத்தில் வருத்தத்தின் சாயல்கூட இருக்காது. எனக்கு எரிச்சலாக வரும். இவ்வளவு மந்தமா ஒரு மனிதன்? அந்த அம்மா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இவருக்கு ஒரு விமானத்தை இறக்க வரவில்லையே என்று மனசுக்குள் திட்டுவேன். டாக்டர் சொன்ன கெடு தாண்டியும் அக்கா வந்துகொண்டிருந்தார்.

மழை பிடித்து ஏரியில் தண்ணீர் நின்றது. விமானத்துக்கு வேலையில்லாத அந்த மாதங்களில் அக்கா போய்விட்டார்.

ஏரி மறுபடி வற்றிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் தனியாக நின்றிருந்தார். புது விமானம். இறக்கையில் எழுத்து எதுவும் இல்லை, வெறும் வெள்ளை. அது பெரிய வட்டமாகச் சுற்றித் திரும்பி அவரை நோக்கி வந்தது. நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அது தாழ்ந்து, ஒரு முறைகூட ஆடாமல், பாயின் செருப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"பாய்! எப்போ கத்துக்கிட்டீங்க?"

"அவ கையக் கட்டிக்கிட்டு உக்காந்தாளே சார், அதுக்கு அடுத்த வாரமே வந்துடுச்சு."

"அப்புறம் எதுக்கு அத்தனையும் கொண்டுபோய் இடிச்சீங்க?"

பாய் ரிமோட்டின் ஆன்டெனாவை மெதுவாக உள்ளே தள்ளினார். "நான் இறக்கிட்டா நிம்மதியாப் போயிடுவேன்னு உங்ககிட்ட மட்டுமா சொன்னா? என்கிட்டயும்தான் சொன்னா. அப்புறம் நான் எப்படி சார் இறக்குறது?"

இருவரும் கரையேறி நடந்தோம். அவர் கையிலிருந்து விமானத்தை நான் வாங்கிக்கொண்டேன். காற்று பலமாக இருந்ததால், அவர் வீட்டு வாசல் வரைக்கும் அதை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்தபடியே வந்தேன்.