உப்பு மாவிளக்கு

எங்கள் மதுரைப் பக்கம் எந்த உருப்படாதவனும் ஒருநாள் மந்திரியாகலாம். தங்கை பிள்ளைக்குக் காது குத்தினால் போதும். தாய்மாமன் வந்து பிள்ளையை மடியில் வைக்கும்வரை ஊசியே வெளியில் வராது. எனக்கும் அப்படியொரு நாள் வாய்த்தது. அன்று நான் செய்த காரியத்தை இன்றும் ஊர் மறக்கவில்லை.

என் தங்கை செல்வியின் மகள் யாழினிக்கு அப்போது இரண்டரை வயது. கூட்டம், சத்தம், பளீர் வெளிச்சம் மூன்றும் சேர்ந்தால் காதைப் பொத்திக்கொண்டு, உடம்பு விறைக்க வீறிடுவாள். அது அடம் இல்லை, அத்தனையையும் ஒரே நேரத்தில் அவளால் தாங்க முடியவில்லை என்று டாக்டர் விளக்கியிருந்தார். அமைதியான இடத்தில் மாவு பிசையவோ மண்ணில் கோடு போடவோ விட்டால் மெல்ல அடங்குவாள் என்றும் சொல்லியிருந்தார்.

காது குத்துக்கு ஒரு மாதம் முன்பே செல்வி போன் செய்தாள்.

“அண்ணே, மேளம் மட்டும் வேணாம்ணே. பிள்ளை பயந்துரும். அவ விளையாடுற மாவு மட்டும் பெசஞ்சு எடுத்துட்டு வா, அம்புட்டுப் போதும்.”

“நான் பாத்துக்கிறேன், நீ கவலைப்படாத” என்றேன். (நான் இப்படிச் சொன்ன இடங்களில் எல்லாம் பிறகு யாராவது அழுதிருக்கிறார்கள்.)

அதன்பின் இந்த விளையாட்டு மாவு பற்றி மூன்று வீடியோ பார்த்தேன். மூன்று வீடியோ பார்த்தவன் முழு வைத்தியன். கையில் மாவைக் கொடுத்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் பிள்ளை பிசைந்துகொண்டே இருக்கும் என்று நானே ஒரு கொள்கை கண்டுபிடித்தேன். எதற்கு இந்தக் கொள்கை? கோச்சடையில் இருக்கும் என் சகலை தன் தங்கை மகளுக்குக் குதிரை வண்டியில் சீர் கொண்டுபோனவர். அவர் குதிரையில் போக, நான் மைதா மாவோடு போவதா? செல்விக்குச் சொல்லாமல் செண்டை மேளம் பேசினேன். ‘சின்ன செட்’ போதும் என்றேன். சின்ன செட் என்றால் பன்னிரண்டு பேர் என்பது அவர்கள் வேனிலிருந்து இறங்கியபோதுதான் தெரிந்தது.

மாவையும் மறக்கவில்லை. இரண்டு டம்ளர் மைதா, ஒரு டம்ளர் உப்பு, எண்ணெய், நிறத்துக்கு மஞ்சள். உருட்டி எவர்சில்வர் தட்டில் வைத்து, காய்ந்துபோகாமல் வாழையிலையால் மூடி, சீர் தட்டுகளோடு வைத்தேன். கோயிலுக்குப் போகும் அப்படியொரு தட்டுக்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான் என்பது என் மண்டைக்கு எட்டவில்லை.

கீழக்குயில்குடிக்குப் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயில். இருபத்தோரு தட்டு முன்னே போக, மேளம் முழங்க, நான் துண்டைச் சரிசெய்தபடி நடந்தேன். கோயில் வாசலில் செல்வி நின்றாள். மேளத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் தோளில் இருந்த யாழினி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீறிட்டாள்.

தட்டுகளைப் பெண்கள் உள்ளே எடுத்துப் போனார்கள். யாழினியை என் மடியில் வைத்தார்கள். பிள்ளை வில்லாக வளைந்தது. “தலைய ஆட்டாமப் பிடிங்க தம்பி” என்றார் காது குத்த வந்த ஆசாரி. ஒரு பயமும் இல்லாமல் கத்தினேன்: “அந்த மாவுத் தட்டைக் கொண்டாங்க!”

பாக்கியம் சித்தி பெருமையோடு வந்தார். “மாவிளக்குத்தானப்பா? திரி போட்டு, நெய் ஊத்தி, சாமிக்குக் காட்டியாச்சு. கூட்டத்துக்கும் குடுத்தாச்சு.”

திரும்பிப் பார்த்தேன். ஊரே கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டிருந்தது. முதலில் ஒருவர் முகம் சுருங்கியது, அப்புறம் வரிசையாக. சாமி பிரசாதத்தைத் துப்பவும் முடியாது. கன்னத்தில் போட்டுக்கொண்டு விழுங்கினார்கள்.

“ஏப்பா, வெல்லத்துக்குப் பதிலா உப்பைக் கொட்டிட்டியா?” என்றார் சித்தி, கண்ணில் நீரோடு.

“சித்தி, அது திங்கிற மாவு இல்ல! விளையாட்டு மாவு! வீடியோவுல…” என்று ஆரம்பித்தேன். மேளச் சத்தத்துக்கு மேலே தொண்டையைத் தூக்கி, மைதா எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று ஆள் ஆளுக்கு விளக்கினேன். என் மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே!

அந்த நேரம் முழுக்க யாழினி என் மடியில்தான் இருந்தாள். அழுது அழுது குரல் கம்மி, வேட்டியை நனைத்துவிட்டு, என் வயிற்றில் முகத்தைப் புதைத்து நடுங்கிக்கொண்டிருந்தாள். நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

செல்விதான் வந்து தூக்கினாள். “மேளத்தை நிறுத்தச் சொல்லுண்ணே” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் சுட்டது. கையைத் தூக்கி மேளத்தை நிறுத்தினேன்.

கோயிலுக்குப் பின்னால் குழாயடியில் ஈர மண். செல்வி பட்டுப்புடவையோடு அதில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்து, ஒரு குச்சியால் கோடு இழுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சின்னக் கை இறங்கி மண்ணைத் தட்டியது. பிறகு இரண்டு கையும். மண்ணைத் தட்டி, மேலே வேப்பம்பழத்தை ஒவ்வொன்றாகக் குத்தி வைத்து மண் இட்லி சுட ஆரம்பித்தாள் யாழினி. அரை மணி நேரம் கழித்து ஆசாரி அங்கேயே வந்து காது குத்தினார். ஒரு அழுகை, அப்புறம் மறுபடி இட்லி. நான் கிட்டே போகப் பார்த்தேன்.

“நீ அங்கிட்டே நில்லுண்ணே” என்றாள் செல்வி. நின்றேன். தாய்மாமன் மடியில் இல்லாமல் தாய் மடியில் காது குத்திய முதல் பிள்ளை எங்கள் வகையறாவில் யாழினிதான்.

செல்வி வீட்டுக்காரர் இன்றுவரை விடுவதில்லை. விசேஷ வீட்டுப் பந்தியில் என்னைப் பார்த்ததும், “உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கணுமாம்ல மச்சான்? ஒங்கள மறக்க முடியுமா!” என்பார். பந்தியே சிரிக்கும். அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

யாழினிக்கு இப்போது ஐந்து வயது. திருநகரில் அவர்கள் வீட்டுக்குப் போய் மணி அடித்தால், கதவுக்குப் பின்னாலிருந்து கேட்பாள்:

“மாமா, ஒத்தையாவா வந்த? மேளம் கூட்டிட்டு வந்தியா?”

“ஒத்தையாத்தான் வந்திருக்கேன் தாயி.”

உள்ளே எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவள் சிரிக்க மாட்டாள். கதவை ஒருக்களித்துத் திறந்து, என் முதுகுக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள்.