கலங்கிய ஊசி மருந்து

வடக்குப்பட்டு,
ஆயுத பூஜை முடிந்த சனிக்கிழமை.

அன்பு மகள் எழிலரசிக்கு,

உன் அப்பா கன்னியப்பன் தன் கையாலேயே எழுதிக்கொள்வது. கோணல் எழுத்தைப் பார்த்து வேறு யாரோ என்று நினைக்காதே. முதியோர் வகுப்பில் கடிதம்வரை வந்துவிட்டேன். இங்கு நான் சுகம், பூனை சுகம். ஐதராபாத்தில் நீயும் உன் மருந்து ஆய்வுக்கூடமும் சுகமா?

விஷயம் என்னவென்றால், நீ அனுப்பிய மூட்டுவலி ஊசி கெட்டுவிட்டது. கம்பெனியில் ஆடிட் என்று பூஜைக்கு நீ வரவில்லை. நிலமும் மாடும் போனபின் பூஜைக்கு வைக்க எனக்கு ஆயுதம் ஏது? இப்போது படிக்கிறவன் ஆயிற்றே, பேனா, பாடப் புத்தகம், புது மூக்குக்கண்ணாடி எல்லாவற்றுக்கும் தாராளமாகச் சந்தனம் குங்குமம் இட்டேன். உன் தொழில் மருந்து என்பதால், உன் சார்பில் ஊசிப் பெட்டியையும் பிரிட்ஜிலிருந்து எடுத்து விளக்கருகே வைத்தேன். படைத்து முடித்ததும் உள்ளே வைத்துவிட்டேன்.

மறுநாள் படப்பையிலிருந்து நர்ஸ் கங்கா வந்தாள். நீ சொல்லிக்கொடுத்தபடி கண்ணாடி போட்டு, ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரே கலங்கல், நடுவில் சிவப்பாக ஏதோ. "சோப்பு உடைஞ்சிகீது, வேணாம்மா" என்றேன்.

"இன்னா பெரியவரே, ஊசில ஏது சோப்பு? சட்டைய தூக்கு, இன்னும் நாலு வூடு பாக்கி கீது."

நீ போனில் சொன்னதை அவளுக்குப் பாடமாக நடத்தினேன். மருந்திலுள்ள புரதம் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கச் சோப்புக் குணமுள்ள பொருள் துளி சேர்ப்பார்கள், சூடும் வெளிச்சமும் பட்டால் நாளடைவில் அதுவே உடையும், அது உடைந்தால் புரதம் திரண்டு மருந்து பலிக்காது என்றேன். "அப்போ உன் பொண்ணையே வந்து போடச் சொல்லு" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து எதையும் கண்ணாடி போட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறேன். பாலிலும் சிவப்பு. ஊசிக் கதையைக் கேள்விப்பட்டிருந்த பால்காரன் டில்லிபாபு, "மாட்டுக்கும் நீதான் ஊசி போட்டியா?" என்று கேட்டுவிட்டு இந்தத் தெருப்பக்கமே வருவதில்லை. தண்ணீர் கேன்காரனும் கோபித்துக்கொண்டான். பக்கத்து வீட்டுப் புருஷோத்தமன் நைட் ஷிப்ட் முடிந்து பகலெல்லாம் தூங்குகிறான். அவனை ஏற்றி இறக்கும் கம்பெனி பஸ்தான் ஹாரன் அடித்து என்னை விசாரிக்கிறது.

ஒன்று எனக்குப் புரியவில்லை. மருந்தில் அந்தப் பொருள் போனால் எல்லாம் ஒட்டிக்கொள்கிறது. நம் வீட்டில் உன் அம்மா போனதும் ஆளுக்கொரு ஊராகப் பிரிந்தோம். உன் மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்.

விரல் மறுபடி வீங்குகிறது. முற்றினால் பேனா பிடிக்க முடியாது. ஆகவே நீ நேரில் வந்து இந்த ஊசியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

நீ உடையாமலும் கலங்காமலும் பல்லாண்டு வாழ வாழ்த்தும்,
அப்பா கன்னியப்பன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும்போது கங்கா மனசு கேளாமல் திரும்பி வந்தாள். என் முகத்தையே பார்த்தாள். என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவால் துடைத்தாள். "பூஜைக்கு வெச்ச பொட்டத் தொடைக்காம ஊரையே கலக்கிகினு கீற" என்றாள். ஊசி தெளிவாக இருந்தது. கொஞ்ச நேரம் வெளியே இருந்ததால் கெடாது என்று டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு போட்டுவிட்டாள். ஆகவே மருந்தைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிடு. நீ வரவேண்டும் என்ற வரியை மட்டும் துடைத்த கண்ணாடியோடு மறுபடி படித்தேன். அதில் கலங்கல் இல்லை.