அளவெடுக்கப் போன குயில்

ஒரு காட்டில், செல்போன் கோபுரத்துக்குச் சற்றுத் தள்ளி, செவந்தி என்றொரு குயில் இருந்தாள். குயில்களுக்குக் கூடு கட்டத் தெரியாது என்பது காடறிந்த சங்கதி. முட்டையிடும் காலம் வந்தால் ஆண்குயில் காக்கைக் கூட்டுக்கு எதிரே போய்க் கூவும். காக்கை அதை விரட்டிக்கொண்டு ஓடும். அந்தச் சந்தில் பெண்குயில் உள்ளே புகுந்து முட்டையிட்டுவிட்டு வந்துவிடும். முட்டை பத்திரம். ஆண்குயில்தான் பத்திரமில்லை.

செவந்தியின் கணவன் மருதப்பனுக்குப் போன பருவத்தில் வாலில் பாதி போய்விட்டது. "இந்த வருஷமும் கொத்து வாங்கினா நான் தேற மாட்டேன் புள்ள" என்று அவன் சொன்னபோது செவந்தி சொந்தமாகக் கூடு கட்டிவிடுவது என்று முடிவு செய்தாள்.

அந்தச் சமயம் பார்த்து ஆலமரத்தடியில் நரி ஒரு 'கேட்' சென்டர் திறந்திருந்தது. கம்ப்யூட்டரில் பிளான் வரையக் கற்றுக்கொடுக்கும் இடம்.

"கூடு, குகை, புற்று, எது வேணாலும் டிசைன் பண்ணலாம். படிச்சா வேலை நிச்சயம்" என்றது நரி.

"இதுக்கு முன்னாடி படிச்சவங்களுக்குக் கிடைச்சிருக்கா சார்?"

நரி மயிலைக் காட்டியது. மயில் அங்கேயே படித்து அங்கேயே வாத்தியாராகியிருந்தது.

செவந்தி உயிரைக் கொடுத்துப் படித்தாள். மேலிருந்து பார்த்தால் எப்படி, பக்கவாட்டில் பார்த்தால் எப்படி, குறுக்கே வெட்டினால் எப்படி என்று கூட்டை எல்லாக் கோணத்திலும் வரைந்தாள். "பிளானுக்கும் நிஜத்துக்கும் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். அதுக்குப் பேரு டாலரன்ஸ். யாராவது தப்புக் கண்டுபிடிச்சா அதைச் சொல்லிடணும்" என்று மயில் கற்றுக்கொடுத்தது. படிப்பு முடிந்ததும் நரி ஒரு டிப்ளமோவும், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அடையாள அட்டையும் கொடுத்தது. அட்டையில் செவந்தியின் படம் நன்றாக விழுந்திருந்தது.

பிறகு அவள் தன் கூட்டைக் கட்டினாள். திரையில் அது மாளிகை. மரத்தில், முதல் காற்றுக்கே சரிந்து கீழே கிடந்தது. காற்றுக்கு என்ன செய்வது என்பது பாடத்தில் இல்லை. செவந்தி அழுதாள். முட்டை வயிற்றில் நாளை எண்ணிக்கொண்டிருந்தது. அழுது முடித்துத் திரும்பிப் பார்த்தால், மருதப்பன் சிறகை நீட்டி மடக்கி, ஓடுவதற்குப் பழகிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்து இன்னொரு தடவை அழுதாள்.

அந்த நேரத்தில் காக்கை காத்தாயி அவளைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"டிசைன் படிச்ச பொண்ணு நீதானா? குயில் நுழைய முடியாத மாதிரி எனக்கு ஒரு கூடு போட்டுத் தரணும்."

செவந்தி கிளையில் ஓரடி பின்வாங்கினாள். "அக்கா, நானே குயில்தான்."

காத்தாயி தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தாள். பிறகு அட்டையைப் பார்த்தாள். பிறகு அட்டையை மட்டுமே பார்த்தாள்.

"படிச்ச குயிலாச்சே! உங்க ஆளுங்க எந்த வழியா வர்றாங்கன்னு உனக்குத்தானே தெரியும்? எப்ப வர்றீங்க, மேடம்?"

"முதல்ல இருக்கிற கூட்டை அளவெடுக்கணுங்க்கா."

அளவெடுக்கத்தான் போனாள். அதில் சந்தேகமே வேண்டாம். டேப்பைப் பிடித்துக்கொண்டு கூட்டுக்குள் உட்கார்ந்தவளுக்கு இடுப்பில் சுருக்கென்றது. முட்டை பிளான் அப்ரூவலுக்கெல்லாம் காத்திருக்காது.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நிழல் விழுது."

காத்தாயி மரியாதையாக அடுத்த கிளைக்குப் போனாள். அங்கே மருதப்பன் கொத்து வாங்கத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

"மேடம் வீட்டுக்காரரா? ஏன் நிக்கிறீங்க, உக்காருங்க" என்று காத்தாயி அவனுக்கு ஒரு வடையைக் கொடுத்தாள். மருதப்பனுக்கு வடை இறங்கவில்லை. இத்தனை வருஷம் ஓடிய ஓட்டத்தை நினைத்துக் கண் கலங்கிவிட்டது.

வேலை முடிந்து செவந்தி இறங்கினாள். காத்தாயி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"மேடம், ஒரு முட்டை கூடுதலா இருக்கிற மாதிரி இருக்கே?"

செவந்தி சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். மருதப்பனின் அரை வால் கண்ணில் பட்டது.

"அது டாலரன்ஸ், அக்கா."

"அதானே" என்றாள் காத்தாயி. தெரியாது என்று சொல்ல அவளுக்குக் கூச்சம்.

சொன்ன சொல் தவறாமல் செவந்தி பிளானைக் கொடுத்தாள். மேலே மூடி, பக்கவாட்டில் பூட்டு வைத்த கதவு. காத்தாயி முட்டைகளைக் கலைக்காமல், இருந்த கூட்டின் மேலேயே அதை அப்படியே கட்டினாள். காற்றுக்கு என்ன செய்வது என்பது அவளுக்குக் கேட்காமலே தெரியும். அதன்பின் எந்தக் குயிலாலும் உள்ளே நுழைய முடியவில்லை. செவந்தியின் குஞ்சு அதற்குள் பூட்டிய வீட்டுப் பிள்ளையாக, வேளை தவறாமல் சாப்பிட்டு வளர்ந்தது.

கூட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்ட மற்ற காக்கைகள் அடுத்த பருவத்தில் செவந்தியிடம் வரிசையில் நின்றன. மருதப்பனுக்கு வால் முழுசாக வளர்ந்துவிட்டது. இப்போது டேப்பின் மறுமுனையை அவன்தான் பிடிக்கிறான்.

நீதி: அடுத்தவர் வீட்டில் சும்மா புகுந்தால் கொத்து கிடைக்கும், அட்டை மாட்டிக்கொண்டு புகுந்தால் வடை கிடைக்கும். ஆகவே பிள்ளைகளே, டிப்ளமோவைப் பாதியில் விடாதீர்கள்.